புறவாசலுக்கு வரும் பறவைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தோட்டத்துப் பறவைகளைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பாதி ‘என்ன வைக்கலாம்’ என்று கேட்கின்றன, மீதிப் பாதி ‘படம் ஏன் சரியாக விழவில்லை’ என்று கேட்கின்றன. இரண்டு கேள்விக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தட்டை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

மதியம் மிஞ்சின சோறு, சாயங்காலம் கொஞ்சம் மிக்சர், காராச்சேவு எல்லாம் மொட்டைமாடிச் சுவர்ல வைக்கேன். காக்காவும் புறாவும் தவிர ஒண்ணும் வர மாட்டேங்கு. சின்னக் குருவி வர என்ன வைக்கணும்? (வாசகி, பாளையங்கோட்டை)

காக்கை வருவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாலு பக்கமும் திறந்த மாடிச்சுவர் காக்கைக்கும் மாடப்புறாவுக்கும் மட்டுமே பிடித்த இடம். சின்னக் குருவிகளுக்கு வைரி என்னும் வேட்டைப்பறவையின் பயம் எப்போதும் உண்டு. ஒரு தாவலில் நுழைந்துகொள்ளப் புதர் இல்லாத இடத்தில் அவை இறங்காது. தட்டைக் கீழே கொண்டுவந்து, மருதாணி வேலியிலிருந்தோ செம்பருத்திச் செடியிலிருந்தோ இரண்டு மீட்டர் தள்ளி, இடுப்புயரத்தில் வையுங்கள். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்தால் குருவிக்குத் தப்பி ஓட நேரம் இருக்காது.

மிக்சரும் காராச்சேவும் இன்றோடு போதும். அதிலுள்ள உப்பைச் சின்னப் பறவையின் உடம்பு தாங்காது. பால்சோறும் வேண்டாம், பாலில் உள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. வெறும் சோறு தீங்கில்லை, ஆனால் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் ஊசிப்போகும். ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர அதில் சத்து இல்லை.

தானியம் தின்பவை சிட்டுக்குருவி, சில்லை, புள்ளிப்புறா, தவிட்டுப்புறா ஆகியவை. இவற்றுக்குத் தினை இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, அரிசி நொய் ஒரு பங்கு கலந்து, காலையில் இரண்டு கைப்பிடி (சுமார் 50 கிராம்) போட்டால் போதும். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள். ராத்திரியில் தானியம் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வரும். வண்டு விழுந்த தானியத்தைத் தாராளமாகப் போடலாம், பறவைக்கு அதுவும் தீனிதான். பூஞ்சை பிடித்ததையோ கட்டி தட்டியதையோ போடவே கூடாது. நிலக்கடலையில் இன்னும் கவனம் வேண்டும்: கறுத்ததும் கசப்பதும் விஷம், உப்புக்கடலை ஆகாது, பச்சைக்கடலையை ஒன்றிரண்டாக நுணுக்கி வைக்கலாம்.

பழம் தின்பவை சின்னான் (கொண்டைக்குருவி), மைனா, குயில், குக்குறுவான் ஆகியவை. பழுத்த பப்பாளியை நீளவாக்கில் பிளந்து, விதையோடு ஒரு கம்பியில் குத்தி நிறுத்துங்கள். மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பும் ஈயும் மொய்க்கும்.

மூன்றாவது கூட்டம் தவிட்டுக்குருவி, வண்ணாத்திக்குருவி, கரிச்சான், தையல்சிட்டு. இவற்றுக்குத் தட்டில் வைக்க ஒன்றும் தேவையில்லை. வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மரத்தடியில் நாலு விரல் கனத்துக்கு விட்டுவையுங்கள். அதைப் புரட்டிப் பூச்சி தேடத் தவிட்டுக்குருவிக் கூட்டம் தினமும் வரும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டுத் தட்டில் தினை வைப்பது எங்களுக்குப் புரியாத கணக்கு.

பருவத்தையும் பாருங்கள். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்த வயலெல்லாம் நெல் சிந்திக் கிடக்கும்போது உங்கள் தட்டுக்குப் புறா வரவில்லை என்று வருந்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தானியம் ஒரே நாளில் நமத்துப் பூஞ்சை பிடிக்கும், அளவைப் பாதியாக்குங்கள்.

பச்சை அரிசியைத் தின்றால் வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்கிறார்களே? (முக்கூடல்)

இல்லை. வயலில் நெல்லைத் தின்று வளர்கிற பறவைகளை நாம் தினமும் பார்க்கிறோம்.

தண்ணீர் வைக்க ஆசை. ஆனால் எங்கள் தெருவில் டெங்குக்காக வீடு வீடாக வந்து சட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது? (மேலப்பாளையம்)

கவிழ்ப்பவர்கள் செய்வது சரிதான். ஆனாலும் தண்ணீர் வையுங்கள். தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் பல வகைப் பறவைகள் வரும், தட்டுப் பக்கமே தலைகாட்டாத மாங்குயிலும் தேன்சிட்டும்கூட.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் புழு வளராது. ஆனால் டெங்குக் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சட்டியின் சுவரில். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். இரண்டு சட்டி வாங்கி ஒன்றைப் புழக்கத்தில் வைத்து, மற்றதை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயப் போட்டால் பாசியும் பிடிக்காது.

காருகுறிச்சி மண்பாண்டம் விற்கிற இடத்தில் கேட்டால் அகலமான தட்டுச்சட்டி கிடைக்கும். விட்டம் 30 முதல் 40 செ.மீ., ஆழம் ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது என்றால் நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றைத் தண்ணீருக்கு மேல் தெரியும்படி வையுங்கள். பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும், எவர்சில்வர் சித்திரை வெயிலில் சுடும். வாளியும் தொட்டியும் மூடியே இருக்கட்டும், விழுந்த குருவி ஏற வழியின்றி மூழ்கிவிடும்.

குளிக்க வரவழைக்க ஒரு வழி உண்டு. பழைய குடத்தின் அடியில் ஊசித்துளை போட்டு, சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழும்படி ஒரு மீட்டர் மேலே தொங்கவிடுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு போதும். சொட்டுகிற ஓசையும் தண்ணீரின் அசைவும் பறவைகளை இழுக்கும்.

அணிலும் எறும்பும் தட்டைக் காலி செய்துவிடுகின்றன. கம்பத்தில் கிரீஸ் தடவலாமா? (திருநெல்வேலி டவுன்)

கிரீஸ் வேண்டவே வேண்டாம். இறகில் ஒட்டினால் பறவையால் பறக்கவும் முடியாது, அதைக் கொத்திச் சுத்தம் செய்கையில் உள்ளேயும் போகும். எறும்புப்பொடிக்கும் சாக்பீஸுக்கும் இதே பதில்தான்.

ஒரு அங்குல இரும்புக் குழாயை நட்டு, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் தகரக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்து மாட்டுங்கள். விட்டம் 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தட்டு அதற்கும் மேலே இருக்கட்டும். சுவர், கொடிக்கயிறு, மரக்கிளை எல்லாம் இரண்டரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் அணில் கூம்பைச் சட்டையே செய்யாமல் மேலிருந்து குதித்துவிடும். தொங்கும் தட்டென்றால் கம்பியின் நடுவில் சின்னத் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கோத்துவிடுங்கள், எறும்பு அதோடு நின்றுவிடும்.

பாட்டிலில் மரக்கரண்டி செருகிய தீனிப்பாட்டில் பற்றியும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். கரண்டிக் காம்பு வழியாக மழைநீர் உள்ளே இறங்கித் தானியம் முளைத்துவிடும். கோடைக்கு மட்டும் சரி. மற்ற நாளில் அடியில் நாலு துளை போட்ட ஓர் அடிச் சதுரப் பலகைத் தட்டே மேல்.

எங்களிடம் 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ், சாதா டி.எஸ்.எல்.ஆர். இருக்கிறது. முருங்கை உச்சியில் வரும் குருவிகள் கறுப்புப் புள்ளியாகவும் வானம் வெள்ளையாகவும் விழுகின்றன. 600 மி.மீ. வாங்கினால் சரியாகுமா? (சுத்தமல்லி)

ஆகாது. 600 மி.மீ. வாங்கினால் கறுப்புப் புள்ளி கொஞ்சம் பெரிய கறுப்புப் புள்ளியாகும். பறவையைக் கீழே, பக்கத்தில், பச்சைப் பின்னணிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

கணக்குப் பாருங்கள். உங்கள் கேமராவின் உணரி (சென்சார்) சுமார் 23.5 மி.மீ. அகலம். 300 மி.மீ.யில் 10 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் 78 செ.மீ. அகலம் அடங்கும். அதில் 20 செ.மீ. சின்னான் கால் பங்குதான் வரும். அதே சின்னான் 4 மீட்டரில் உட்கார்ந்தால் படச்சட்டத்தின் அகலம் 31 செ.மீ.தான், பறவை மூன்றில் இரண்டு பங்கை நிறைத்துவிடும். லென்ஸுக்குச் செலவழிக்காமல் ஆறு மீட்டர் குறைத்தால் கிடைக்கும் லாபம் இது.

முதலில் இருக்கை. தண்ணீர்ச் சட்டியை ஒரு மீட்டர் உயர மேடையில் வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் லென்ஸும் பறவையின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். சட்டியிலிருந்து முக்கால் முழம் தள்ளிக் காய்ந்த கொய்யாக் குச்சியோ கருவக்குச்சியோ ஒன்றைச் சாய்வாக நடுங்கள். பெருவிரல் கனத்துக்கு மேல் வேண்டாம், தடித்தால் பறவையின் காலும் வயிறும் மறையும். இறங்குமுன் பறவை அந்தக் குச்சியில் உட்கார்ந்து நோட்டம் விடும். தண்ணீரில் நிற்கிற படத்தைவிட அந்தப் படம்தான் நன்றாக வரும். குச்சிக்குப் பின்னால் நாலைந்து மீட்டருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்கப்பால் வாழையோ வேலியோ இருந்தால் பின்னணி வழவழவென்று பச்சையாகும். மதில்சுவரை ஒட்டிக் குச்சி நட்டால் காரை பெயர்ந்ததெல்லாம் படத்தில் தெரியும்.

அடுத்து வெளிச்சம். காலை 6.30 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் 6 வரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் எடுப்பவர் மேற்கே பார்த்து உட்காரட்டும். பத்து மணிக்கு மேல் நம் வெயில் தலைக்கு மேல் நின்று பறவையின் கண்ணை நிழலாக்கும். சூடேறிய தளத்தின் மேலாக எடுத்தால் கானல் அலைந்து, என்ன லென்ஸானாலும் படம் மசமசக்கும். அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அமைப்பு இப்படி: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/800 நொடி, குளித்துத் தண்ணீர் தெறிக்கையில் 1/2000, சிறகடித்து இறங்கும் தேன்சிட்டுக்கு 1/3200. துளை (அப்பர்ச்சர்) எஃப் 5.6 அல்லது 8. ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவைத் தானியங்கியில் விட்டு மேல் எல்லையை 3200 என்று வையுங்கள். கொஞ்சம் மணல்மணலாக விழுந்த படத்தைத் தேற்றலாம், அசைந்த படத்தைத் தேற்ற முடியாது. 4 மீட்டர் தூரத்தில் எஃப் 5.6இல் தெளிவாக விழும் ஆழம் நான்கு செ.மீ.தான், எஃப் 8இல் ஆறு செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதனால் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்ணில் வையுங்கள். நெஞ்சில் வைத்தால் அலகும் கண்ணும் மங்கும். பறவை பக்கவாட்டில் நிற்கும்போது அழுத்தினால் அலகு முதல் வால் வரை தெளிவாகும்.

கறுப்புப் புள்ளிக்கு வருவோம். கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் நிறைந்த சட்டத்தில் வானத்தைச் சாம்பலாக்கினால் பறவை கரியாகும். வேறு வழியின்றி வானத்தின் முன் எடுத்தால் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1.5 அல்லது +2க்கு ஏற்றுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும். இருண்ட இலைக்கூட்டத்தின் முன் ஆண்குயில் சட்டத்தை நிறைத்தால் −0.7. வயலில் வெயில்பட்ட கொக்குக்கு −1, இல்லையென்றால் இறகு விவரம் அத்தனையும் வெள்ளையில் கரைந்துவிடும்.

மறைவுக்குப் பச்சை நிழல்வலை இரண்டு மீட்டர் வாங்கிப் புறவாசல் கம்பிக்கதவில் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை விடுங்கள். நான்கு நாள் அப்படியே விட்டுவிட்டு ஐந்தாம் நாள் உட்காருங்கள். அன்றைக்கே கட்டி அன்றைக்கே உட்கார்ந்தால் தவிட்டுக்குருவி தெருவுக்கே கேட்கும்படி கத்தி, மற்றப் பறவைகளையும் கிளப்பிவிடும்.

என்னிடம் செல்போன் மட்டும்தான். ஜூம் செய்தால் எண்ணெயில் வரைந்த மாதிரி வருகிறது. (கல்லூரி மாணவர், சேரன்மகாதேவி)

ஜூமை விடுங்கள். நீங்கள் பின்வாங்கிப் போனைச் சட்டிக்குப் பக்கத்தில் அனுப்புங்கள். சட்டியிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஒரு செங்கல்லின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் குச்சியின் மேல் பூட்டி, தின்னவேலியில் எந்தப் போன் கடையிலும் கிடைக்கிற புளூடூத் ரிமோட்டை வைத்துத் தார்சாவில் உட்கார்ந்து அழுத்துங்கள். முதல் இரண்டு நாள் போன் அளவுக்கு ஒரு கறுப்பு அட்டையை அதே இடத்தில் வைத்துப் பழக்குங்கள். ‘க்ளிக்’ ஓசையை அணைத்துவிடுங்கள். இன்னொரு வழி 4கே வீடியோ. அதிலிருந்து நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு படமும் எட்டு மெகாபிக்சல் இருக்கும், பத்திரிகையில் கால் பக்கத்துக்குப் போதும். போன் வெயிலில் சூடேறினால் கேமரா தானாகவே அணைந்துவிடும். மேலே ஓர் ஓலைத்துண்டைச் சாய்த்து நிழல் கொடுங்கள்.

எங்கள் வாசல் விளக்கு வயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு பறக்கும்வரை தினமும் படமெடுக்கலாம் என்றிருக்கிறேன். இலைகள் மறைக்கின்றன, கொஞ்சம் ஒதுக்கலாமா? (வீரவநல்லூர்)

ஒதுக்கக் கூடாது. அந்த இலைதான் வெயிலையும் காக்கையின் கண்ணையும் தடுக்கிறது. நீங்கள் தினமும் போய் நின்றால் அங்கே என்ன இருக்கிறது என்று செம்போத்துக்கும் காக்கைக்கும் வழிகாட்டியதாகும். ஃபிளாஷ் வேண்டாம், ஏணி வேண்டாம், முட்டையைத் தொட வேண்டாம். முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அதுவரை அந்த வாசல் விளக்கைப் போடாமல் இருந்தாலே பெரிய உதவி. பறந்து வெளியே வந்த குஞ்சுக்குத் தாய் ஊட்டுகிற படம் நாலைந்து மீட்டர் தள்ளி நின்றாலே கிடைக்கும், கூட்டுப் படத்தைவிட அது அழகு. கூட்டையோ முட்டையையோ சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். செல்போனில் குரலைப் போட்டு வரவழைப்பதையும் முட்டையிடும் காலத்தில் செய்யாதீர்கள். வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று எண்ணி, குஞ்சை விட்டுவிட்டு அதைத் தேடி அலையும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்? (பேட்டை)

தேவையில்லை, நம் வெயிலில் ஒரே நாளில் புளித்தும் போகும். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, முருங்கை இருந்தால் தானே வரும். கூடவே ஒரு கறிவேப்பிலையை வெட்டாமல் வளர விடுங்கள், அதன் பழத்துக்குச் சின்னானும் குயிலும் வரும்.

சிட்டுக்குருவிப் பெட்டி மாட்டி இரண்டு வருஷமாகிறது. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. (கல்லிடைக்குறிச்சி)

பெட்டியின் வாசலை அளந்து பாருங்கள். 32 மி.மீ. இருக்க வேண்டும். ஐந்து செ.மீ. என்றால் மைனாவுக்கு, மூன்று செ.மீ.க்குக் கீழே என்றால் யாருக்கும் இல்லை. உள்ளே 15 செ.மீ. சதுரம், உயரம் 20 செ.மீ., பலகை கனம் 15 மி.மீ. அட்டைப்பெட்டியும் தகரமும் உள்ளே அடுப்பாகிவிடும். உள்பக்கம் பெயின்ட் கூடாது, அடியில் இரண்டு துளை வேண்டும், வாசலுக்குக் கீழே குச்சி வேண்டாம் (வேட்டைக்கு வருகிறவை நிற்க அது வசதி). இரண்டரை மீட்டர் உயரத்தில் கிழக்கு அல்லது வடக்கு பார்த்து, இறவாணத்தின் நிழலில் மாட்டுங்கள். மேற்குப் பார்த்து மாட்ட வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் குறை பெட்டியில் இல்லை. குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டும். சுற்றிலும் சிமென்ட் தளமும் பூச்சிமருந்தும் இருந்தால் அது எங்கே போகும்?

மயில் கூட்டம் தோட்டத்துக்கு வருகிறது. கம்பு போட்டுப் பழக்கிப் படமெடுக்கலாமா? (மூலைக்கரைப்பட்டி)

வேண்டாம். உங்களிடம் பழகிய மயில் மறுநாள் பக்கத்து வயலில் இறங்கும், சம்சாரி (விவசாயி) உங்களைத்தான் ஏசுவார். பழகிய மயிலை நாயும் எளிதில் பிடிக்கும். தானாக வருவதை மறைவிலிருந்து எடுங்கள். பெரிய பறவைகளில் ஆசை என்றால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே. தை முதல் வைகாசி வரை கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வேம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டியிருக்கும். வீட்டுத் திண்ணைக்கு மேலேயே பறவை உட்கார்ந்திருக்கிற ஊர் அது, ஜனங்களும் அவற்றுக்காகவே வேட்டுப் போடாமல் இருக்கிறார்கள். அங்கே போய்க் கைதட்டிக் கிளப்பிப் பறக்கும் படம் எடுக்காதீர்கள். பெற்றவை பறந்துவிட்டால் கூட்டில் குஞ்சு வெயிலில் வாடும்.

ஐப்பசியில் பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பாக ஒரு பறவை சுவரில் மோதி விழுந்து கிடந்தது. பிள்ளைகள் தண்ணீர் புகட்டினார்கள். சரியா? (அம்பாசமுத்திரம்)

அது ஆறுமணிக்குருவி. குளிர்காலம் கழிக்க வடக்கேயிருந்து வருவது. ராத்திரியில் பறந்து வந்து, களைத்து, விளக்கு வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியிலும் சுவரிலும் மோதும். தண்ணீர் புகட்டியது தவறு, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி விரித்து, மூடி, ஓசையில்லாத நிழலில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் படமும் எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தேறி நின்றால், மரத்தடியில் பெட்டியைத் திறந்து விலகி நில்லுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தேறிய பறவை உங்கள் தோட்டத்துச் சருகிலேயே பங்குனி வரை தங்கக்கூடும். அப்போது தரைமட்டத்தில் படுத்து, 1/250 நொடியில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். துள்ளித் துள்ளி நடந்து நடுவில் சிலைபோல் நின்றுவிடும், அந்த நிமிஷத்துக்கு இவ்வளவு வேகம் போதும்.

வண்ணாத்திக்குருவி ஒன்று தினமும் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. பசியா? (வண்ணார்பேட்டை)

சண்டை. கண்ணாடியில் தெரிவது தன் இடத்தைப் பிடிக்க வந்த வேறொரு ஆண் என்று நினைக்கிறது. கண்ணாடிமேல் பழைய சாக்ஸ் ஒன்றைப் போட்டு மூடுங்கள். முட்டையிடும் காலம் முடிந்ததும் கழற்றிவிடலாம்.